கைராசி இல்லாதவர்

கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அது என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. எந்தத் திசை பார்த்து வைப்பது என்பதுதான் இரண்டு நாள் விவாதமாக இருந்தது. அப்பா கிழக்கு என்றார். கிழக்கே ஜன்னல், காலை வெயில் நேராக விழும், மிஷினுக்கு ஆகாது என்று அண்ணன் சொன்னார். அப்பாதான் ஜெயித்தார். ஜன்னலைப் பலகை அடித்து மூடிவிட்டார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. உஸ்மான் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் எங்கள் வீடு; பனகல் பார்க் பக்கம் அப்பாவின் ஜவுளிக்கடை. அண்ணன் இன்ஜினியரிங் படித்துவிட்டு மூன்று வருஷம் பம்பாயில் வேலை பார்த்தவர். திரும்பி வந்ததும் கடையில் உட்கார மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். மில்களுக்கும் பெரிய கடைகளுக்கும் சம்பளப் பட்டியல், சரக்குப் பட்டியல் எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு அச்சடித்துக் கொடுப்பதுதான் இனிமேல் தொழில் என்று அப்பாவைக் கரைத்தார். அப்பா கரைந்தார், இரண்டு நிபந்தனையோடு. தொழில் வீட்டு முன்ஹாலிலேயே நடக்க வேண்டும். எதைத் தொடங்கினாலும் நாள் பார்த்துத் தொடங்க வேண்டும். முன்ஹாலில் ஏ.சி. வைத்தார்கள். மனுஷருக்கு இல்லாத ஏ.சி. மிஷினுக்கு எதற்கு என்று அம்மா கேட்டாள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கணக்கில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, மாப்பிள்ளை வரும்வரை வீட்டில் இருந்தேன். வெளியே வேலைக்குப் போகக் கூடாது, ஆனால் வீட்டு முன்ஹாலில் உட்கார்ந்து கீபோர்டில் தட்டலாம் என்று முடிவானது. நான் ஆபரேட்டர் ஆனது அப்படித்தான். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சந்தோஷமாகத் தலையாட்டியிருப்பேன்.

பிரிண்டர் தனியாக வந்தது. நாட்டைவிட்டுப் போகிற ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தன் ஆபீஸ் சாமான்களை ஏலம் விட்டபோது அண்ணன் எடுத்தது. நாலு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வைத்தார்கள். எல்லாம் இருந்தது, கம்ப்யூட்டரோடு அதை இணைக்கிற கேபிள் மட்டும் இல்லை. பிரிண்டர் செய்த கம்பெனிக்கு எழுதிக் கேட்டதற்கு, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க ஆறு மாதம் ஆகும், அதுவும் நிச்சயம் இல்லை என்று பதில் வந்தது. இரண்டு மிஷினும் மூன்றடி இடைவெளியில், பேச்சு முறிந்த சம்பந்திகள் மாதிரி ஒன்றை ஒன்று பார்க்காமல் உட்கார்ந்திருந்தன.

அப்போதுதான் அண்ணன் அவரை அழைத்து வந்தார். சைதாப்பேட்டைக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் பத்து வருஷமாக இருந்தவர். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் அண்ணன் விரித்துக் காட்டிய வரைபடத்தைக் குனிந்து பார்த்து, பத்து நிமிஷத்தில் அதில் ஒரு தப்பைக் காட்டினார். அன்றே அண்ணனுக்கு அவரைப் பிடித்துவிட்டது. நாங்கள் எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டோம். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டில் அதை எழுதியதே நான்தான். இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயர் பட்ட பாடு போதும்.

“கேபிளை நீங்களே செஞ்சு குடுங்க பாய். பிரிண்டர் ஓடுற அன்னைக்கே நீங்க எங்க கம்பெனி ஆளு. பெர்மனென்ட்” என்றார் அண்ணன்.

அந்த ஒரு வார்த்தைக்காகப் பாய் ரேடியோ கடையை விட்டுவிட்டு வந்தார். கடை முதலாளி அடுத்த வாரமே வேறு ஆளை வைத்துக்கொண்டாராம்.

மூன்று வாரம் முன்ஹால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேபிள் செய்தார். இருபத்தைந்து கம்பிகள். ஒவ்வொரு முனையிலும் ஒரு பிளக். பிளக்கின் முகத்தில் இரண்டு வரிசையாகக் குட்டித் துளைகள், தையல் ஊசி நுழைகிற அளவு. மிஷினில் நீட்டிக்கொண்டிருக்கும் முட்கள் அந்தத் துளைகளுக்குள் போய் உட்கார வேண்டும். அப்போதுதான் இந்தப் பக்கத்து எழுத்து அந்தப் பக்கம் போகும். ஒரு எழுத்து துண்டு துண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டும் ஒரு கம்பியில் போய், பிரிண்டரில் ஒன்றாகச் சேர்கிறது. ஒரு கம்பி வராவிட்டால் எழுத்து வேறு எழுத்தாகிவிடும். இதையெல்லாம் மிஷினோடு வந்த புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். பாய்க்கு அது படிக்காமலே தெரிந்திருந்தது.

புத்தகம் இங்கிலீஷில் இருந்ததால் படித்துச் சொல்வது என் வேலை. அம்மா உள்ளேயிருந்து பார்க்கிற மாதிரி கதவு திறந்திருக்கும், ஏ.சி. காற்றெல்லாம் கூடத்துக்குப் போகும்.

“மூணாம் நம்பர்” என்பேன்.

“இன்னா கலரும்மா?”

“பச்சை. வெள்ளைக் கோடு போட்டது.”

“கீது.”

ஈயத்தை உருக்கி ஒட்டுகிற சால்டரிங் குச்சியின் நுனியைக் கம்பியில் வைப்பார். ஒரு சின்னப் புகை எழும். கை ஆடாது. ஒரு கம்பி முடிந்ததும் பேட்டரியில் ஒரு குட்டி பல்பைக் கட்டி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் வைத்துப் பார்ப்பார். பல்பு எரிந்தால்தான் அடுத்த கம்பி. எல்லாம் முடிந்த பிறகு இருபத்தைந்தையும் முதலிலிருந்து மூன்று தடவை எரியவிட்டுப் பார்த்தார். இதை நான் கண்ணால் கண்டேன். பிறகு நடந்ததற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் கிடையாது, அந்தச் சாட்சி நான்தான்.

வேலைக்கு நடுவில் அவர் வீட்டு விஷயம் கொஞ்சம் வரும். மனைவி பிரசவத்துக்கு ஆம்பூர் போனவர், திரும்பி வரவில்லை. பெண் குழந்தை.

“பொறந்து நாப்பது நாளாச்சும்மா. ஒரே ஒரு தபா பாத்தேன். மாமனாரு அனுப்ப மாட்டேன்றாரு. ரேடியோ கடையெல்லாம் ஒரு வேலையா, நெலையா ஒண்ணு கெடைக்கட்டும், அப்பால வந்து கூட்டிக்கினு போன்றாரு.”

“இப்பதான் கிடைச்சாச்சே பாய்” என்றேன்.

“இது ஓடட்டும்மா. ஓடிச்சின்னா அன்னிக்கே ஆம்பூருக்கு ரயிலு ஏறிடுவேன்.”

கேபிள் முடிந்தது சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள். மறுநாள் பூஜை, அதற்கு மறுநாள் விஜயதசமி. விஜயதசமி காலையில்தான் முதன்முதலாக ஓட்ட வேண்டும் என்று அப்பா நேரம் குறித்திருந்தார். அதற்கு முன்னால் சும்மா ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கக் கூடாது. முதல் எழுத்து நல்ல நேரத்தில்தான் விழ வேண்டும். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

“பூஜை அன்னைக்கு நீங்க வர வேண்டாம் பாய், லீவு எடுத்துக்குங்க” என்று அண்ணன் அவரிடம் சொன்னார். அது மரியாதை என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். பாய் கேபிளை வளையமாகச் சுற்றி, பழைய செய்தித்தாளில் பொதிந்து, சணலால் கட்டி, பிரிண்டர் மேல் வைத்தார். கிளம்பும்போது என்னிடம் வந்தார்.

“யாரும் தொட வேணாம்மா. நாளன்னிக்கு காலைல நானே வந்து சொருகறேன்.”

சரி என்றேன்.

எங்கள் அப்பாவுக்குச் சரஸ்வதி பூஜை என்றால் சந்தனம். கடையில் கத்தரிக்கோல், கஜக்கோல், தராசு, டேப், கல்லாப்பெட்டி, சைக்கிள், ஸ்டூல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாக வேண்டும். பொட்டு வைக்காத சாமான் அந்த வருஷம் முழுக்கக் கோபித்துக்கொண்டு நிற்கும் என்பது அவர் நம்பிக்கை. அந்த வருஷம் கடையில் முடித்துவிட்டு முன்ஹாலுக்கு வந்தார். கம்ப்யூட்டருக்கு மூன்று பட்டை விபூதி, நடுவில் பொட்டு. பிரிண்டருக்கும் அப்படியே. கீபோர்டின் ஓரங்களில் நாலு. பிறகு பொட்டலத்தைப் பார்த்தார்.

“அது என்னம்மா?”

“கேபிள்ப்பா.”

“அதையும் எடுத்து சாமிக்கு முன்னால வை. ரெண்டையும் சேக்கப்போறதே அதுதான? அதுக்குப் பொட்டு வைக்காம எப்படி?”

“பாய் தொட வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாருப்பா.”

“பூஜைக்கு வைக்கதுக்கு அவர்ட்ட எதுக்குக் கேக்கணும்? நல்லா வை. ரெண்டு முனையிலயும் வை.”

சணலை அவிழ்த்தேன். கல்லில் நானே இழைத்த சந்தனம், கெட்டியாக இருந்தது. கேபிளில் பொட்டு வைக்க வேறு இடம் ஏது? வட்டமான ரப்பரில் ஒட்டாது. பிளக்கின் முகம்தான் தட்டையாக இருந்தது. கட்டைவிரலால் எடுத்து இரண்டு பிளக்கிலும் அழுத்தி வைத்தேன். அதன் மேல் குங்குமம். அழகாகத்தான் இருந்தது.

நான் கணக்குப் படித்தவள். இருபத்தைந்து கம்பியின் நிறத்தையும் எண்ணையும் மனப்பாடமாக ஒப்பிப்பேன். அந்தத் துளைகளுக்குள் எது போக வேண்டும், எது போகக் கூடாது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் வைத்தேன். பூஜையில் கை தன்னால் வேலை செய்கிறது. மூளை வாசலில் செருப்புகளோடு நின்றுவிடுகிறது. வேறு எப்படி இதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும்தான் பிளக்கின் ஞாபகம் வந்து ஓடினேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. மேலே இருந்ததைத் துடைத்தேனே தவிர உள்ளே போனதை இன்னும் உள்ளே தள்ளியிருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை. பழையபடி செய்தித்தாளில் சுற்றி, அவர் போட்ட மாதிரியே சணல் முடிச்சுப் போட்டு வைத்தேன். அவர் போட்ட மாதிரியே முடிச்சுப் போட வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியது என்பதை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன்.

ஒன்பது மணிக்குள் ஹால் நிறைந்துவிட்டது. பாண்டி பஜாரிலிருந்து அப்பாவின் சிநேகிதர்கள், முதல் வேலை கொடுப்பதாக இருந்த மில் மானேஜர், மாமா, சித்தப்பா. பாய் வெள்ளைச் சட்டை போட்டு, தலை படிய வாரி, அத்தர் மணக்க வந்தார். பொட்டலத்தைப் பிரித்து, ஒரு முனையைக் கம்ப்யூட்டரிலும் மறு முனையைப் பிரிண்டரிலும் சொருகி, திருகாணியை முடுக்கிவிட்டு ஓரமாகப் போய் நின்றார். முதல் வார்த்தை என்ன என்பதையும் அப்பாவே தீர்மானித்திருந்தார். கல்யாணப் பத்திரிகையின் தலையில் போடுகிற மாதிரி சிவமயம். இங்கிலீஷ் எழுத்தில்தான் முடியும். நான் தட்டினேன். SIVAMAYAM.

பிரிண்டர் கரகரவென்று ஓடி நின்றது. அண்ணன் காகிதத்தைக் கிழித்து அப்பா கையில் கொடுத்தார். அதில் இருந்தது: RHV@L@X@L.

அப்பா அதைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மாமா எட்டிப் பார்த்துவிட்டு, “இது எந்தூரு சிவமயம்?” என்றார். யாரோ சிரித்தார்கள். மறுபடி தட்டச் சொன்னார் அண்ணன். மறுபடியும் அதேதான். எண்களைத் தட்டினேன். ஒற்றைப்படை எண் ஒன்றுகூட வரவில்லை. மூன்று இரண்டாக வந்தது, ஐந்து நாலாக வந்தது. அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் இன்ஜினியர், உடனே கண்டுபிடித்துவிட்டார்.

“ஒரு கம்பி வரலை. ஒரே ஒரு கம்பி. அதை யார் ஒட்டினது?”

எல்லாரும் பாயைப் பார்த்தார்கள். அவர் முன்னால் வந்து பிளக்கைக் கழற்றி, ஜன்னல் மூடியிருந்ததால் டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“அர மணி நேரம் குடு சார். சரி பண்ணிடறேன். நீங்க எல்லாரும் உள்ள போய் டிபன் சாப்ட்டு வாங்க.”

அண்ணன் சரி என்றுதான் சொல்லியிருப்பார். வாயைத் திறந்தும்விட்டார். அதற்குள் அப்பா கையை உயர்த்தினார்.

“வேண்டாம். அதைக் கீழ வைங்க பாய்.”

“அப்பா, சால்டரிங்தான். அஞ்சு நிமிஷ வேலை...”

“உனக்குத் தெரியாதுல. மொத எழுத்தே சாமி பேரு. அதையே செதச்ச கை. நல்ல நேரமும் போச்சு.”

ஜவுளிக்கடைக்காரர்களுக்குக் கைராசி என்பது சும்மா பேச்சில்லை. காலையில் முதல் போணி யார் கையால் என்பதில் அன்றைய வியாபாரமே இருக்கிறது என்று அப்பா நம்பினார். கை சரியில்லை என்று ஒரு பேர் வந்துவிட்டால் அந்த விற்பனையாளர் அப்புறம் காலை வேளையில் கவுண்ட்டர் பக்கம் வர முடியாது. அப்பா பாயைத் திட்டவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. “நான் மதம் கிதம் பாக்குற ஆளு இல்ல. என் கடைக்குத் தைக்கிறவங்கள்ல பாதிப் பேர் உங்க ஆளுங்கதான். சிலர் கைக்கு ராசி இருக்காது, அவ்வளவுதான். அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். ஏதோ ஒரு நோயைப் பற்றிச் சொல்வது போல அனுதாபத்தோடு சொன்னார். இன்றுவரை என்னால் மன்னிக்க முடியாதது அந்த அனுதாபத்தைத்தான்.

நான் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு கம்பி வரவில்லை என்று அண்ணன் சொன்ன உடனேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் நகக்கண்ணில் முந்தின நாள் குங்குமம் இருந்தது. கையை மடியில் மூடிக்கொண்டேன்.

இனி வர வேண்டாம் என்று அண்ணன் அவரிடம் வெளிக்கதவருகே வைத்துச் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். அந்த அளவுக்கு வெட்கம் அவருக்கு இருந்தது. பாய் உள்ளே வந்து தன்னுடைய சால்டரிங் குச்சியையும் குட்டி பல்பையும் துணிப்பையில் போட்டுக்கொண்டார். “வரேம்மா” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

கம்ப்யூட்டர் விற்ற கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வர பத்து நாள் ஆகும் என்றார்கள். அதுவரை யாரும் மிஷினைத் தொடக் கூடாது என்று அப்பா உத்தரவு போட்டார். அண்ணன் கோபத்தில் ஹால் பக்கமே வரவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் அம்மா தூங்கிக்கொண்டிருந்தபோது நான் தையல் ஊசியை எடுத்துக்கொண்டு போனேன். பிளக்கைக் கழற்றி டியூப் லைட்டில் பார்த்தேன். நாலு துளைகள் அடைத்திருந்தன; அதில் மூன்று எழுத்துக்கு வேண்டாத கம்பிகளுடையவை. ஊசியால் நோண்ட நோண்ட வெள்ளைத் தூள் உதிர்ந்தது. ஒரு துளையிலிருந்து சிவப்பாக ஒரு பொட்டு வந்தது. இன்னொரு பிளக்கையும் அப்படியே சுத்தம் செய்து, இரண்டையும் சொருகி, மிஷினைப் போட்டுத் தட்டினேன்.

SIVAMAYAM என்றே வந்தது. ஒரு எழுத்து பிசகவில்லை. பாய் ஒட்டிய கம்பிகளில் ஒன்றுகூடக் கெட்டுப்போயிருக்கவில்லை.

முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை ஒளிக்க மாட்டேன். ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் அந்தக் காகிதத்தைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன்.

தூத்துக்குடியிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்திருந்தது. அவர்களும் ஜவுளிக்காரர்கள். ஜாதகம் பொருந்தி, தை மாதம் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சாமி சந்தனத்தால் மிஷின் கெடும் என்பதை அப்பா நம்ப மாட்டார். வைத்த கையில்தான் கோளாறு என்பார். வைக்கச் சொன்னது அவர் என்பது ஒரே வாரத்தில் எல்லாருக்கும் மறந்துவிடும். வைத்தது என் கை என்பது மட்டும் தூத்துக்குடிவரை போய்ச் சேரும். கைராசி இல்லாத பெண்ணை எந்த ஜவுளிக்கடை வீட்டில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் சேர்ப்பார்கள்? நான் பயந்தேன். அதற்கு அழகான வார்த்தை எதுவும் கிடையாது.

கம்பெனி இன்ஜினியர் வந்தார். வடக்கத்தியர், டை கட்டியிருந்தார். பிளக்கைக் கழற்றினார், மறுபடி சொருகினார், தட்டச் சொன்னார். சரியாக ஓடியது. தோளைக் குலுக்கிவிட்டு, “லூஸ் கான்டாக்ட்” என்று சொல்லிக் காபி குடித்தார். அப்பாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

“பாத்தியால? கை வச்ச உடனே ஓடுது. கைராசின்னா இதுதான்.”

கடையிலிருந்து ஒரு பட்டு அங்கவஸ்திரம் வந்தது. தாம்பாளத்தில் வைத்து அதை அவரிடம் நீட்டியது நான்தான். அதே கேபிளில், அதே இருபத்தைந்து கம்பிகளில், அண்ணனின் கம்பெனி ஏழு வருஷம் ஓடியது.

தையில் பெண் பார்த்தார்கள். அவர்கள் வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்து, கல்யாணம் மறு வருஷத்துக்குப் போனது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மந்தைவெளியில் ஒரு சிநேகிதிக்குப் பத்திரிகை வைத்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு மாம்பலத்தில் ரயில் ஏறினேன். ஒரே ஸ்டேஷன். பதிவேட்டிலிருந்து விலாசத்தை எழுதி எடுத்துக்கொண்டிருந்தேன். இனிமேல் தூத்துக்குடிக்குப் போய்விடப் போகிறேன், போவதற்குள் சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட்டால் மனசு சுத்தமாகிவிடும் என்று நினைத்தேன். அந்த வயதில் அப்படியெல்லாம் நினைக்க முடிகிறது.

சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. வாசலில் பாய் தரையில் உட்கார்ந்திருந்தார். கல்யாண வீடுகளுக்குச் சீரியல் லைட் வாடகைக்கு விடுகிற கடையில் வேலையாம். வண்ண பல்பு மாலை ஒன்று மடியில் கிடந்தது. எரியாத பல்புகளைத் தேடி மாற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாம்மா, இன்னா இவ்ளோ தூரம்?” என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவருடைய அம்மா உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் வேறு ஆள் இருக்கிற சத்தம் இல்லை.

“அக்கா வரலையா பாய்?”

“இல்லம்மா. அங்கயே கீறாங்க. கொயந்த நடக்குதாம். லெட்டர் வந்துச்சி.”

டீயைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டலத்தை அவிழ்த்தது, சந்தனம் வைத்தது, துடைத்தது, ஊசியால் நோண்டியது, எழுத்து சரியாக வந்தது. உங்கள் மேல் தப்பே இல்லை என்று சொல்லி அழுதேன். அவர் ஒரு பல்பைத் திருகிக் கழற்றி, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத் தனியாக வைத்தார்.

“தெரியும்மா.”

“என்ன தெரியும்?”

“சந்தனம்னு. அன்னிக்கே லைட்ல புடிச்சிப் பாத்தனே. தொளையில வெள்ளையா கீது. வாசன வேற வருது.”

“அப்பவே ஏன் சொல்லல பாய்?”

“இன்னான்னு சொல்றது? அத்தினி பெரியவங்க நிக்கறாங்க. உங்க சாமிக்கு வெச்ச சந்தனத்தாலதான் மிஷினு ஓடலன்னு நான் சொல்லணுமா? நானு?” இன்னொரு பல்பைக் கழற்றினார். “அதுக்குத்தாம்மா அர மணி நேரம் கேட்டேன். நீங்கல்லாம் டிபன் சாப்ட போனா, சத்தம் போடாம தொடச்சிட்டு ஓட்டிடலாம்னு. யாரு வெச்சாங்கன்னு ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது.”

என்னைக் காப்பாற்றத்தான் அந்த மனிதர் அரை மணி நேரம் கேட்டிருக்கிறார். அதை நான் கையை மடியில் மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“வூட்ல சொல்லிட்டீங்களாம்மா?” என்று கேட்டார்.

“இல்ல.”

“சொல்லப் போறீங்களா?”

நான் டீ டம்ளரைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாத மாதிரி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்போ எனக்கு எதுக்கும்மா சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே.”

டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். வைத்துவிட்டு வந்தால் மரியாதையாக இருக்காது என்று தோன்றியது. ஸ்டேஷன் வரைக்கும் துணைக்கு வந்து, ரயில் வரும்வரை தள்ளி நின்று, கை காட்டிவிட்டுப் போனார். வீட்டில் நலங்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அன்று ராத்திரி அப்பா தனியாகத்தான் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். போய்ச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில்கூடப் போனேன். சுண்ணாம்பு வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அண்ணனுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. நாலு பேர் கூடினால் முதல் கம்ப்யூட்டர் வந்த கதையை எடுத்துவிடுவார். கைராசி இல்லாத அந்தப் பாயின் கதை அதில் கட்டாயம் உண்டு, பெயரோடு. எங்கள் குடும்பத்தில் யாராவது ஒரு காரியத்தைக் கெடுத்தால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேலி செய்வார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது ஒரு மனுஷரின் பெயர் என்பதே தெரியாது. போன மாதம் அண்ணன் பேரனின் பிறந்தநாளில் மறுபடி சொன்னார். அவர் மருமகள் சாஃப்ட்வேரில் இருக்கிறவள், சிரிக்காமல் கேட்டாள்: “ஒரு பிட், ஒரே ஒரு கம்பிதான் போயிருக்கு மாமா. கேபிளைக் கழட்டிப் பாத்தீங்களா?”

“கேபிள்ல ஒண்ணும் இல்லம்மா. ஆளுதான் சரியில்ல” என்றார் அண்ணன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். பாயசம் நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னேன்.